மாதப்பன் போட்ட பந்து

பந்து கையில் நிற்காமல் போன வருஷம், ஜெரோம் மோத்தா தன் ஆசிரியையைத் தேடித் தூத்துக்குடிக்கு வந்தான்.

நாட்டுக்காக விக்கெட் காப்பவன் அவன். மூத்த கீப்பரின் கட்டைவிரல் முறிந்த ஒரு தொடரில் அவசரமாகக் கூப்பிட்டார்கள். போனவன் அந்த இடத்திலேயே ஊன்றிவிட்டான். தெருவில் விளையாடும் பிள்ளைகள் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தும்போது அவன் பெயரைச் சொல்லித்தான் குந்துவார்கள். அவன் விரல்களில் நேராக இருப்பவை குறைவு. வலது சுண்டுவிரல் மடங்காது, இடது மோதிரவிரல் நிமிராது. காலையில் சட்டைப் பொத்தான் போடவே அவனுக்கு நேரம் பிடிக்கும். ஆனால் மட்டையின் ஓரத்தை உரசி வரும் பந்து அந்தக் கோணல் விரல்களுக்குள் வந்தால், தொட்டிலில் கிடத்திய பிள்ளைபோல் அடங்கிவிடும்.

இப்போது அடங்க மறுத்தது.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். பயிற்சியாளர்கள் படம் எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, நிற்கிற விதத்தில் ஒரு பிழையும் இல்லை என்றார்கள். தேர்வுக் குழுவில் ஒருவர் தோளில் கை போட்டுச் சொன்னார்: "அடுத்த தொடர் வரைக்கும் பார்ப்போம், ஜெரோம்." அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்ட பலரை அவன் பார்த்திருக்கிறான்.

தங்கபுஷ்பம் டீச்சர் ஒரு காலத்தில் நாட்டின் பெண்கள் அணிக்கு ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவர். முழங்கால் தேய்ந்தபின் ஊருக்குத் திரும்பி, பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்தார். ஜெரோமுக்கு முதன்முதலில் கையுறை மாட்டிவிட்டவர் அவர்தான். அவன் பேரும் புகழும் பெற்றபின்பும் அவர் அவனைப் பாராட்டியதில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டால், "நல்லா குந்துவான்" என்று மட்டும் சொல்வார்.

பள்ளி விட்டிருந்த நேரம். மைதானத்தில் உப்பளக் காற்று வீசிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார்.

"வா ஜெரோம். சாப்ட்டியா?"

"ஆச்சு டீச்சர்."

"கையக் காட்டு."

காட்டினான். அவர் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தார். வலித்த இடத்தில் அவன் முகம் சுளித்தான். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"போய் நில்லு."

அவன் கையுறை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் நின்றான். டீச்சர் நாற்காலியில் இருந்தபடியே ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு, கூடையிலிருந்து பந்துகளை எடுத்து அவன் பக்கம் தட்டிவிட்டார். இடப்பக்கம், வலப்பக்கம், தரையோடு, தலைக்கு மேல். கூடை காலியாகும்வரை ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

"நல்லாத்தானல இருக்கு கை."

"இங்க நிக்கி டீச்சர். அங்க நிக்க மாட்டேங்கு."

"அங்க என்ன ஆவுது?"

ஜெரோம் கையுறையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். பிறகு சொன்னான்.

"மட்டையில உரசுற சத்தம் கேக்கும். கேட்டதும் ரெண்டு பந்து வருது. ஒண்ணு அந்தப் பந்து. இன்னொண்ணு பழசு. நான் பழசப் பிடிக்கப் போறேன்."

"எந்தப் பழசு?"

அவன் சொல்லத் தொடங்கினான். இதுவரை யாரிடமும் சொல்லாதது. சொல்லவேண்டிய தேவையும் இருந்ததில்லை, எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்ததுதானே.

அது ஒரு குளிர் தேசத்து மைதானம். ஆட்டத்தின் முதல் காலை. புதிதாக அணிக்கு வந்த வேகப்பந்துக்காரன் ஒருவன் தன் முதல் ஓவரைப் போட்டான். அவன் பந்து காற்றில் வளைந்து எதிரணித் தலைவனின் மட்டை ஓரத்தை உரசி, நெஞ்சுயரத்தில் நேராக ஜெரோமிடம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். கையுறைக்குள் வந்தது. வெளியே குதித்துப் புல்லில் விழுந்தது.

அந்தத் தலைவன் மறுநாள் பிற்பகல்வரை ஆடினான். இரட்டைச் சதம். புதுப் பையன் தோள் கழன்று விழும்வரை போட்டும் ஒரு விக்கெட்டும் விழவில்லை. அதற்குப்பின் அவனை அணியில் சேர்க்கவே இல்லை. அடுத்த ஆட்டத்தில் ஜெரோம் சதம் அடித்தான். பத்திரிகைகள் அவன் படத்தை முதல் பக்கத்தில் போட்டன. நழுவிய கேட்ச்சைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

"எல்லாரும் மறந்துட்டாங்க டீச்சர். எனக்கு மட்டும் மறக்கல. இவ்வளவு வருஷம் உள்ளுக்குள்ள கிடந்துச்சு, ஒண்ணும் செய்யல. இப்ப ஏன் வருது? அத எப்படி மறக்கிறது?"

டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

"கிளவுஸக் குடு."

"டீச்சர், முட்டி..."

"குடுல."

அவன் கழற்றிக் கொடுத்தான். அவர் மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் போய், முழங்கால் கடகடக்கக் குந்தினார்.

"நீ அந்தப் பக்கம் போ. பந்து போடு."

"நான் போட்டதே இல்லையே."

"இன்னைக்குப் போடு."

ஜெரோம் மறுமுனைக்கு நடந்தான். பந்து வீசுகிறவனின் இடத்தில் அவன் வாழ்க்கையில் நின்றதே இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருக்கும் ஆள் மிகவும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. அசட்டுத்தனமாக உணர்ந்தபடி, நாலடி ஓடிவந்து பந்தை வீசினான். பரவாயில்லாமல்தான் போயிற்று.

பந்து ஒருமுறை குதித்து டீச்சரின் கையுறைக்குள் போனது. அவர் அதைத் தவறவிட்டார்.

பந்து உருண்டு பின்னால் ஓடியது. டீச்சர் தன் கையுறைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து, திரும்பி, பந்துக்குப் போனார். மெதுவாகக் குனிந்து எடுத்தார். எடுத்தவர் திரும்பவில்லை. மதில் பக்கம் பார்த்தபடி பந்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஜெரோம் காத்திருந்தான். ஏதாவது சொல்லப்போகிறார் என்று முதலில் நினைத்தான். உப்பு ஏற்றிய லாரி ஒன்று சாலையில் போனது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இடுப்பில் வைத்தான், எடுத்தான். அந்தப் பெரிய மைதானத்தில் தான் மட்டும் தனியாக நிற்பதுபோல இருந்தது.

"டீச்சர்."

அவர் திரும்பவில்லை.

"டீச்சர்!"

அவர் இப்போது திரும்பினார்.

"அங்கேருந்து என்ன தெரிஞ்சுது?"

"உங்க முதுகு."

டீச்சர் கையுறைகளைக் கழற்றி அவனிடம் நீட்டினார்.

"அந்தப் பந்தப் போட்டவன் பேரு என்ன?"

"மாதப்பன். தர்மபுரிப் பக்கம்."

"இப்ப என்ன செய்யுதான்?"

"தெரியாது."

"கடைசியா எப்பப் பாத்த?"

"அந்த மேட்ச்சுல. அதுக்கப்புறம் பாக்கல டீச்சர்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டார்.

"எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டல்லா? அத அவங்கிட்டப் போய்க் கேளு."

மாதப்பனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தர்மபுரியை அடுத்த பாலக்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் பெயரைச் சொன்னான். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, வந்திருப்பது யார் என்று உற்றுப் பார்த்தார். பிறகு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு வழி சொன்னார். காசு வாங்கக் கூடாது என்றும் சொன்னார்.

தக்காளித் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு வேன் நின்றிருந்தது. மாதப்பன் தக்காளி நிரம்பிய பிளாஸ்டிக் கிரேடுகளைத் தூக்கி அதில் அடுக்கிக்கொண்டிருந்தான். உடம்பு கனத்துவிட்டது. தோள் மட்டும் அதே அகலம். ஆட்டோச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவன் ஜெரோமைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குனிந்து அடுத்த கிரேடைத் தூக்கினான்.

"மாதப்பா."

"லோடு போவணும்" என்றான் மாதப்பன். "மண்டியில காத்துக்கினு இருப்பாங்க."

அவ்வளவுதான். ஜெரோம் வெயிலில் நின்றான். ஒரு மரத்தடிக்குப் போகலாம் என்று தோன்றியது. போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பையைக் கீழே வைத்துவிட்டு, அவனும் ஒரு கிரேடைத் தூக்கினான். மடங்காத விரலில் பிடி சரியாகக் கிடைக்கவில்லை. கிரேடு சாய்ந்தது. இரண்டு பழங்கள் உருண்டு விழுந்தன.

மாதப்பன் பார்த்தான். முதலில் பழங்களை. பிறகு அந்த விரல்களை.

"எத்தன தடவ ஒடஞ்சிது?"

"எண்ணல."

"அந்தப் பக்கமாப் புடிங்க. அடியில கை குடுத்துப் புடிங்க."

இருவரும் சேர்ந்து வேனை நிரப்பினார்கள். மாதப்பனின் மனைவி அலமேலு சொம்பில் மோர் கொண்டுவந்தாள். வந்தவரை அடையாளம் கண்டதும் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "டிவில பாக்கிற ஆளுதானே?" என்று கணவனைக் கேட்டாள். பிறகு ஜெரோமிடம், "நாங்கதான் பாப்போம். இவரு பாக்க மாட்டாரு. மேட்ச்சுப் போட்டா எழுந்து வெளிய போயிடுவாரு" என்றாள்.

"போ, உள்ள வேல இருந்தாப் பாரு" என்றான் மாதப்பன். கோபமாகச் சொல்லவில்லை.

அவள் போனபின் இருவரும் வேன் நிழலில் உட்கார்ந்தார்கள். ஜெரோம் பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை.

"மாதப்பா, அந்தக் கேட்ச். உன் பொழப்பையே கெடுத்துட்டேன். மன்னிச்சிரு."

மாதப்பன் அவனை வியப்போடு பார்த்தான்.

"கேட்ச்சா? அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"ஆமா."

"அண்ணா, எம்பந்துல எங்கூர்ல எத்தன பேரு கேட்ச்சு விட்ருக்கான் தெரியுமா? எங்க மாமனே விட்ருக்காரு. யாரு விடல? அத நான் அன்னிக்கே மறந்துட்டேன்."

ஜெரோம் தலை குனிந்தான். பிறகு, டீச்சர் சொல்லி அனுப்பியதைக் கேட்டான்.

"எப்படி மறந்த?"

மாதப்பன் மோர்ச் சொம்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"கேட்ச்ச மறந்துட்டேன்" என்றான். "இன்னொண்ணு இருக்குது. அது மறக்கல."

"என்னது?"

"ரெண்டாம் நாள் சாயங்காலம். அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சு பஸ்ல ஏறினேன். ஜன்னலோரமா உக்காந்தேன். பக்கத்து சீட்டுல என் பைய வெச்சிருந்தேன். எங்கிட்ட யாரும் பேசல. புதுப் பையன், விக்கெட்டு இல்ல, என்னத்தப் பேசுவாங்க. அப்ப நீங்க ஏறினீங்க. நீங்க வந்து உக்காருவீங்கன்னு நெனச்சேன். நான் என்னா நெனச்சேன்னா, பாவம், இந்த அண்ணன் என்ன பேசறதுன்னு தெரியாம கஷ்டப்படப் போறாரு, நம்மளே மொதல்ல பேசிடணும்னு நெனச்சேன். 'விடுங்கண்ணா'ன்னு சொல்லணும்னு. அதுக்காகப் பைய எடுத்து மடியில வெச்சிக்கினேன்."

அவன் சொம்பைக் கீழே வைத்தான்.

"நீங்க முன்னாடி சீட்டுல உக்காந்துட்டீங்க. திரும்பவே இல்ல. ஓட்டல் வர்ற வரைக்கும் பை மடியிலயே இருந்துச்சு. கீழ எறக்கி வைக்கத் தோணல."

தோட்டத்தில் எங்கோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஜெரோமுக்கு அந்தப் பஸ் நினைவில் இருந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியில் ஒழுகும் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தது நினைவில் இருந்தது. பின்னால் ஒருவன் தனக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தது தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் அன்றைக்கு அவன் திரும்பவே இல்லை.

"எனக்கு உம் மொகத்தப் பாக்க தைரியம் இல்ல" என்றான்.

"அது இப்பத் தெரியுது. அப்பத் தெரியல. நான் எதுக்கும் லாயக்கில்லாதவன், அதான் இவரு பேசலன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் பந்தக் கையில எடுத்தாலே அந்த நெனப்புதான். ஊர்ல ரஞ்சி மேட்ச்சுக்குக் கூப்ட்டாங்க. போனேன். ஓடியாரும்போதே கால் பின்னிக்கும்."

ஜெரோம் அழுதான். சத்தம் இல்லாமல், முழங்கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதான். மாதப்பன் ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஏரிக்குள்ள எங்க டீமுக்கு மேட்ச்சு. கீப்பர் பையன் கல்யாணத்துக்குப் போயிட்டான்."

"நீ போடுவியா?"

"ரெண்டு மூணு ஓவரு. சும்மா. கால் ஓடற வரைக்கும்."

"நான் நிக்கவா?"

மாதப்பன் வேனின் கதவைச் சாத்தினான்.

"உங்க இஷ்டம்."

மறுநாள் வற்றிப்போன ஏரிக்குள் கயிற்றுப் பாய் விரித்து ஆட்டம் தொடங்கியது. செய்தி எப்படியோ பரவியிருந்தது. பைக்குகள் கரையெல்லாம் நின்றன. பக்கத்து ஊர் அணிக்காரர்கள் ஜெரோமோடு நின்று படம் எடுத்துக்கொண்டபின்தான் டாஸ் போட்டார்கள்.

மாதப்பன் மூன்றாவது ஓவரைப் போட வந்தான். ஓடிவரும் தூரம் பாதியாகக் குறைந்திருந்தது. மூச்சு வாங்கியது. ஆனால் கை மேலே போனபோது ஜெரோமுக்கு அடையாளம் தெரிந்தது. அதே கை. பந்து காற்றில் நேராக வந்து கடைசி நொடியில் வெளியே திரும்பும் அதே வளைவு. இந்த மனிதன் இதை இத்தனை வருஷம் ஏரிக்குள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

ஆடியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மட்டையை நீட்டினார். ஓரத்தில் உரசியது.

சத்தம் கேட்டது. ஜெரோம் போனான். பந்து கையுறைக்குள் வந்தது. வெளியே குதித்து மண்ணில் விழுந்தது.

கரையில் இருந்த கூட்டம் வாயடைத்துப்போனது. நாட்டுக்காக விளையாடுகிறவர் தங்கள் ஏரிக்குள் இப்படி ஒரு கேட்ச்சை விடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சிரிக்கவும் துணியவில்லை.

ஜெரோமின் உடம்பு தானாகத் திரும்பிக்கொள்ள முயன்றது. கையுறையைப் பார்க்கச் சொன்னது, பந்தைத் துடைக்கச் சொன்னது, தொலைவில் இருந்த பனைமரங்களைப் பார்க்கச் சொன்னது. அந்தப் பழக்கம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. அவன் குனிந்து பந்தை எடுத்தான். நிமிர்ந்தான். மாதப்பன் பாயின் மறுமுனையில், இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

ஜெரோம் நடந்தான். ஆடியவரைத் தாண்டி, பாயின் ஓரமாக, முழுத் தூரமும் நடந்தான். அவ்வளவு பேர் பார்க்க, அத்தனை நீளமாக ஒரு தூரத்தை அவன் அதற்குமுன் நடந்ததில்லை. மாதப்பனின் முன்னால் போய் நின்றான். பந்தை அவன் கையில் வைத்தான்.

"விட்டுட்டேன்டா."

"பாத்தேன்" என்றான் மாதப்பன்.

இருவரும் நின்றார்கள். அவன் பந்தைப் பார்த்தான், பிறகு ஜெரோமைப் பார்த்தான். நடுவர் அங்கிருந்து, "என்னப்பா, ஆட்டம் உண்டா இல்லையா?" என்று கத்தினார்.

"விடுங்கண்ணா" என்றான் மாதப்பன். "போய் நில்லுங்க. அங்கியே இன்னொண்ணு போடறேன்."

அங்கேயே போட்டான். அது மட்டையில் படாமல் ஜெரோமின் கைக்கு வந்து அடங்கியது. மாதப்பனுக்கு அன்றைக்கும் விக்கெட் விழவில்லை. அணி தோற்றது. தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் சேர்ந்து கரையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். மாதப்பன் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசினான். அவன் அப்படிப் பேசித் தான் பார்த்ததே இல்லை என்று அலமேலு பிறகு சொன்னாள்.

பஸ் நிலையத்துக்குத் தக்காளி வேனில்தான் கொண்டுபோய் விட்டான். முன் இருக்கையில் கிடந்த சாக்கையும் கயிற்றையும் எடுத்துப் பின்னால் எறிந்துவிட்டு, "ஏறுங்க" என்றான். வழியெல்லாம் தக்காளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள்.

தொடர் தொடங்கியது.

முதல் ஆட்டத்தில் மட்டையில் உரசும் சத்தம் கேட்டபோது ஜெரோம் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒரே ஒரு பந்துதான் வந்தது. பிடித்தான். அடுத்ததையும் பிடித்தான். அந்த ஆட்டத்தில் அவன் கையிலிருந்து ஒன்றும் நழுவவில்லை. பத்திரிகைகள் பழைய ஜெரோம் திரும்பி வந்துவிட்டான் என்று எழுதின. அவன் பழைய ஜெரோம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். பந்து கொஞ்சம் தாமதமாகத்தான் கண்ணில் படுகிறது. முட்டி எழுவதற்கு யோசிக்கிறது. வயது வந்துவிட்டது. அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

கடைசி ஆட்டத்தில் ஷாநவாஸ் என்ற இடதுகைச் சுழல்பந்துக்காரனைச் சேர்த்தார்கள். முதல் ஆட்டம் அவனுக்கு. இரவெல்லாம் தூங்காத கண்ணோடு வந்தான். மூன்றாம் நாள் பிற்பகல், எதிரணியின் கடைசி நம்பிக்கையாக நின்றவன் அவன் பந்தில் ஓரம் கொடுத்தான். தாழ்வாக வந்தது. ஜெரோமின் கை போய்ச் சேருமுன் பந்து விரல்நுனியில் பட்டுத் தரையில் விழுந்தது.

மைதானம் முழுவதும் ஊளையிட்டது. பெரிய திரையில் அதையே மறுபடி மறுபடி காட்டினார்கள்.

ஜெரோம் பந்தை எடுத்துக்கொண்டு ஷாநவாஸிடம் நடந்தான். அணித் தலைவன், "நேரம் போகுது, நேரம் போகுது" என்றான். ஜெரோம் நிற்கவில்லை. பையனின் அருகில் போய், அவன் தோளைப் பிடித்தான்.

"எம்மேலதான் தப்பு. நல்ல பந்து. கண்ணத் தூக்கி என்னப் பாரு."

பையன் பார்த்தான்.

"அடுத்தது எங்க போடப் போற?"

"தெரியலண்ணா."

"தெரிஞ்சதும் எனக்குச் சொல்லு. நான் அங்கதான் இருப்பேன்."

அன்று சாயங்காலம் ஷாநவாஸ் சாப்பிட வரவில்லை. ஜெரோம் இரண்டு தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு போய் அவன் அறைக் கதவைத் தட்டினான். கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பையனின் அக்கா கல்யாணத்தில் பந்தல் சரிந்த கதையைக் கேட்டு இருவரும் சிரித்தார்கள்.

ஆட்டம் கைநழுவிப் போயிற்று. தோல்விக்கு அந்தக் கேட்ச்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட. அடுத்த தொடருக்கு ஷாநவாஸைச் சேர்த்தார்கள். ஜெரோமைச் சேர்க்கவில்லை. நன்றி சொல்லி ஒரு வரி அறிக்கை வந்தது.

அறிக்கை வந்த அன்று மாதப்பன் போன் செய்தான்.

"டிவில பாத்தேண்ணா."

"கேட்ச்ச விட்டதையா?"

"அப்புறமும் பாத்தேன்" என்றான் மாதப்பன். "எழுந்து போகல."

ஜெரோம் தூத்துக்குடிக்கு வந்தபோது டீச்சர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா வருகிறது. ஜெரோம் அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டான். குனிந்து, கட்டியிருந்த கயிற்றை ஒட்டிக் கோட்டை இழுத்துக்கொண்டு போனான். டீச்சர் பக்கத்தில் நடந்தார்.

"பாலக்கோட்டுக்குப் போனேன் டீச்சர்."

"போனியா."

"அவன் பேசினான். நானும் பேசினேன். போன வாரம் ரெண்டு கூடை தக்காளி அனுப்பி வச்சிருக்கான்."

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்."

கோடு மூலைக்கு வந்தது. டீச்சர் கயிற்றை அவிழ்த்து அடுத்த முளையில் கட்டினார். ஜெரோம் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடல்பக்கம் பார்த்தான். முகம் மெல்ல வாடியது.

"இனி கூப்பிட மாட்டாங்க டீச்சர்."

"ம்."

"இவ்வளவு வருஷம் நின்னேன். கடைசி மேட்ச்லயும் விட்டுட்டேன். இனி எம்பேரச் சொன்னாலே அதத்தான் சொல்வாங்க. எல்லாப் பேப்பர்லயும் அந்தப் படந்தான்."

டீச்சர் முடிச்சை இழுத்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது. பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"பந்தத்தானல விட்ட?"